பாரிஷ் கவுன்சிலைக் கொண்டு ஊருக்கு ஒரு வேலையைச் செய்வித்துக்கொள்வது எப்படி?

இங்கிலாந்தில் புதிதாகக் குடியேறும் நம்மவர்கள் 'பாரிஷ்' என்றதும் தேவாலயப் பங்கை நினைத்துக்கொள்வது இயல்பே. ஆனால், ஊர்ப்புற நிர்வாகத்தைத் தேவாலயத்திடமிருந்து பிரித்து, 'பாரிஷ் கவுன்சில்' என்னும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்திடம் 1894ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்படைத்துவிட்டது. லண்டனில் இருப்போருக்கு இந்தக் குறிப்பு ஏறக்குறைய பயன்படாது. அங்கே குயின்ஸ் பார்க் பகுதியில் மட்டுமே 2014 முதல் இத்தகைய மன்றம் ஒன்று உண்டு.

உங்கள் பகுதியில் பாரிஷ் கவுன்சில் இருக்கிறதா என்பதை அறிய, கவுன்சில் டாக்ஸ் எனப்படும் உள்ளாட்சி வரிக்கான பில்லை எடுத்துப் பாருங்கள். இருந்தால், அதன் பெயருக்கு நேரே ஒரு சிறு தொகை தனி வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். 'பிரிசெப்ட்' எனப்படும் அந்தத் தொகைதான் மன்றத்தின் முதன்மையான வருமானம்.

அடுத்து, கேட்கப்போவது அதன் கையில் உள்ள வேலைதானா என்று பார்க்க வேண்டும். குப்பை அள்ளுவதும், பள்ளிக்கூடமும், சாலைப் பள்ளமும் இதைவிட மேல்நிலையில் உள்ள பெரிய மன்றங்களின் பொறுப்பு. சிறுவர் பூங்கா, பெஞ்சு, பேருந்து நிழற்குடை, இடுகாடு, ஊர்க்கூடம், அலாட்மென்ட் எனப்படும் காய்கறித் தோட்டத் துண்டுகள் போன்றவற்றைப் பாரிஷ் கவுன்சில் செய்து தர முடியும். வீடு கட்டும் அனுமதியைப் பொறுத்தவரை அது கருத்துச் சொல்லலாமே தவிர, முடிவெடுக்க முடியாது. இதை அறியாமல் அதன் கூட்டத்தில் சண்டையிட்டு மனம் வெதும்புவோர் பலர்.

மனுவை உறுப்பினர் எவருக்கும் அனுப்புவதைவிடக் கிளார்க்குக்கு அனுப்புவதே முறை. அவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், ஊதியம் பெறும் அலுவலர். ஆனால் நிகழ்ச்சி நிரலைத் தயாரிப்பவர் அவரே. கூட்டத்துக்கு முன் மூன்று முழு நாட்கள் இடைவெளி இருக்கும்படி, அதாவது அறிவிப்பு வெளியாகும் நாளையும் கூட்ட நாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் வங்கி விடுமுறையையும் கணக்கில் சேர்க்காமல், அந்த நிரல் வெளியிடப்பட வேண்டும் என்பது சட்டம். நிரலில் இல்லாத பொருள்மீது முடிவெடுக்க இயலாது என்பதால், முந்தைய நாள் மாலையில் அனுப்பும் மின்னஞ்சலால் பயனில்லை. இரண்டு வாரங்களுக்கு முன்பே எழுதிவிடுங்கள். கூட்டத்தைப் பார்வையிட எவரும் வரலாம். பேசுவதற்குப் பெரும்பாலான மன்றங்கள் சில நிமிடங்கள் ஒதுக்குகின்றன. தலைவரே தனியாக உறுதியளித்தாலும், கூட்டத்தில் வாக்கெடுத்து நிறைவேறும் வரை அது முடிவாகாது.

செலவு பிடிக்கும் வேலையானால், எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதே பாதி வெற்றியைத் தீர்மானிக்கிறது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்கான பிரிசெப்டை மார்ச் 1ஆம் தேதிக்கு முன் தெரிவித்தாக வேண்டும் என்பதால், மன்றங்கள் பொதுவாகக் குளிர்காலத்திலேயே வரவுசெலவைத் தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே செப்டம்பரிலோ அக்டோபரிலோ கேளுங்கள். மே மாதத்தில் கேட்டால், ஆர்வத்துடன் தலையசைத்து அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுவார்கள்.

தோட்டத் துண்டு வேண்டுவோருக்கு 1908ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: வாக்காளர் அறுவர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் மன்றம் அதைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். (வெண்டைக்கு அந்த ஊர் வெயில் போதாது, அவரையும் கீரையும் வரும்.)

மன்றம் மறுத்துவிட்டால், மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் நடக்கும் வாக்காளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் எழுப்பலாம்; அறுவர் சேர்ந்தால் அத்தகைய கூட்டத்தை வேறு நேரத்திலும் கூட்டலாம். அதன் தீர்மானம் மன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அக்கம்பக்கத்தார் நிறைந்த அறையில் எழும் கேள்வியை அலட்சியம் செய்வது கடினம்.

நீங்களே உறுப்பினராவதும் எட்டாத காரியம் அன்று. இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், நிரந்தரக் குடியிருப்பு உரிமை இருந்தால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலே போட்டியிடலாம். 18 வயது நிறைந்து, அந்தப் பாரிஷிலோ அதிலிருந்து மூன்று மைலுக்குள்ளோ ஓராண்டு வசித்திருந்தால் போதும். இடையில் ஓர் இடம் காலியாகி, அறிவிப்பு வெளியான 14 வேலை நாட்களுக்குள் பத்து வாக்காளர்கள் தேர்தல் கேட்காவிட்டால், மன்றமே ஒருவரை நியமித்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கவும் முதலில் எழுத வேண்டியது கிளார்க்குக்கே.