தொழிலை விற்க ஆலோசகர் தேடுகிறீர்களா?

சொந்தத் தொழிலை விற்றுத்தர வருபவர்களில் யார் அதிக விலை சொல்கிறாரோ அவரிடமே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வேலையைப் பிடிப்பதற்காகவே விலையை ஏற்றிச் சொல்பவர்கள் உண்டு. சில மாதங்கள் கழித்து, "சந்தை சரியில்லை, குறைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அந்த விலை எந்தக் கணக்கில் வந்தது, ஆண்டு லாபத்தை எத்தனை மடங்காக எடுத்தார், ஏன் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

சிறிய கடை, பட்டறைக்குத் தொழில் விற்பனைத் தரகரே போதும். பல பங்குதாரர்களும் பெரிய கடன்களும் உள்ள நிறுவனத்துக்கு, அத்தகைய விற்பனைகளை நடத்திப் பழகிய நிதி ஆலோசகர் தேவை. யாராக இருந்தாலும், உங்கள் அளவுள்ள தொழிலை அவர் மூலம் விற்றவர்களிடம் நேரடியாகப் பேசிப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காமல் விடுவது, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு தொழில் விற்றாலும் கமிஷன் கேட்கும் பிரிவு. ஓராண்டு, இரண்டாண்டு வரைகூட அது நீளும். ஆலோசகர் உண்மையில் அறிமுகப்படுத்திய வாங்குபவர்களின் பெயர்ப் பட்டியலோடு அது நிற்கட்டும். வாங்குபவரிடமும் அவர் பணம் பெறுகிறாரா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ரகசியம் காப்பது மிக முக்கியம். விற்பனைச் செய்தி கசிந்தால் ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் விலகத் தொடங்குவார்கள். வாங்க வருபவர் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் நிறுவனப் பெயரே வெளியே போகக்கூடாது.

வழக்கறிஞரையும் வரி ஆலோசகரையும் நீங்களே தனியாக அமர்த்துங்கள். விற்பனை முடிந்தால்தான் தரகருக்குக் கமிஷன். விற்க வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வராது.