சிறுவர் சொஃப்ட்போல் துடுப்பாட்டப் பயிற்சி: பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாதீர்கள்

கொழும்பில் சொஃப்ட்போல் என்றதும் பலருக்கு நினைவு வருவது டென்னிஸ் பந்து கிரிக்கெட். இங்கே சொல்வது மற்றதை: கீழ்க்கையால் வீசி, உருண்டைத் துடுப்பால் அடித்து, பேஸ் எனப்படும் நான்கு தொடுமிடங்களைச் சுற்றி ஓடும் ஆட்டத்தை. ஆனாலும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒழுங்கையில் கிரிக்கெட் ஆடிப் பழகியவர்கள்தான். அந்தப் பழக்கத்தையும் கணக்கில் எடுத்தே பயிற்சியைத் திட்டமிட வேண்டும்.

வழக்கமான பிழை ஒன்று உண்டு. ஒரு பிள்ளை அடிக்கும், பதினொரு பிள்ளைகள் நிற்கும். ஒரு மணித்தியாலத்தில் தலைக்கு ஐந்து நிமிடம். பந்து பொறுக்கும் நேரத்தைக் கழித்தால் பதினைந்து அடி கிடைத்தாலே பெரிது. அதே 12 பேரையும் மூன்று மூன்று பேராக நான்கு இடங்களுக்குப் பிரித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால், ஒவ்வொருவரும் ஐம்பது தடவைக்கு மேல் துடுப்பைச் சுழற்றலாம். மூவரில் ஒருவர் அடிப்பார், ஒருவர் பந்து கொடுப்பார், ஒருவர் பொறுக்குவார். பத்து அடிக்கு ஒருமுறை ஆள் மாறும். பந்து பயன்படும் ஒவ்வோர் இடத்துக்கும் பன்னிரண்டு பந்தாவது வேண்டும். குறைந்தால் மறுபடியும் பொறுக்குவதிலேயே பொழுது போய்விடும்.

முதலில் துடுப்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு 28 முதல் 30 அங்குலமும் ஏறத்தாழ அரைக் கிலோ எடையும் பொருந்தும். ஒரு கையால் துடுப்பைப் பக்கவாட்டில் நீட்டி 20 விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். கை தாழ்ந்தால் அந்தத் துடுப்பு அந்தப் பிள்ளைக்குப் பாரம். 'வளர்ந்ததும் சரியாகிவிடும்' என்று பெரிய துடுப்பை வாங்கிக் கொடுப்பதுதான் பல பிள்ளைகளின் அடியைக் கெடுக்கிறது.

முதல் இடம் டீ, அதாவது பந்தை மேலே வைத்து அடிக்கும் தண்டு. பழைய சோனகத் தெருவின் ஹார்ட்வெயார் கடைகளில் பிவிசி குழாய் எடுத்து, நுனியில் நான்கு அங்குல ரேடியேட்டர் றபர் ஹோஸ் செருகி, அடியைப் பழைய டயருக்குள் சீமெந்து ஊற்றி நிறுத்தினால் போதும். உயரம் இடுப்பளவு. பலர் தவறுவது தண்டை வைக்கும் இடத்தில்தான். ஹோம் பிளேட்டின், அதாவது அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் தட்டின், நடுவில் தண்டை வைத்து, பிள்ளையை அதற்கு நேரே நிறுத்திவிடுவார்கள். நடுவில் வரும் பந்தைத் துடுப்பு சந்திக்க வேண்டியது முன்காலுக்கு, அதாவது வீச்சாளர் பக்கத்துக் காலுக்கு, நேரே. அதனால் தண்டு அந்தக் காலின் பாதத்துக்கு நேரே இருக்க வேண்டும். உடலுக்கு நெருங்கி வரும் உள்பக்கப் பந்துக்கு இன்னும் சற்று முன்னால், விலகி வரும் வெளிப்பக்கப் பந்துக்குச் சற்றுப் பின்னால். தண்டு உடலின் நடுவுக்கு நேரே இருந்தால் முழங்கை மடங்கி, பந்து துடுப்பின் கைப்பிடிப் பக்கத்தில்தான் படும்.

இரண்டாவது இடத்தில் பக்கத்திலிருந்து பந்து போடுவது. போடுபவர் அடிப்பவரின் மார்பை நோக்கிய பக்கத்தில், சற்று முன்னால், 45 பாகை சாய்வில், மூன்று மீற்றர் தள்ளி முழங்காலிட்டு, முன் இடுப்புக்கு நேரே மெதுவாகப் போட வேண்டும். வலை இல்லையென்றால் பழைய காலுறைகளைச் சுருட்டி டேப் சுற்றிய பந்து போதும். அது தூரம் போகாது, சுவருக்கும் சேதமில்லை.

மூன்றாவதுதான் ஆட்டத்துக்கு மிக நெருக்கமானது: பாதுகாப்பு வலைக்குப் பின்னால் இருந்து ஆறேழு மீற்றரில் கீழ்க்கையால் வீசுவது. பத்து வயதுக்குட்பட்டவர்களின் வீச்சுத் தூரம் வழக்கமாக 35 அடி, பன்னிரண்டுக்குட்பட்டவர்களுக்கு 40 அடி. அந்த 40 அடியை மணிக்கு 80 கிலோமீற்றரில் வரும் பந்து கடக்க அரை விநாடிக்குச் சற்றே மேல். வீச்சாளரின் கை சுழலும்போதே அடிப்பவரின் எடை பின்காலுக்குப் போயிருக்க வேண்டும். பந்து கையை விட்ட பிறகு தயாரானால் பிந்திவிடும். பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 11 அங்குலச் சுற்றளவுப் பந்து, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 12 அங்குலம்.

நான்காவது இடத்தில் பந்தே வேண்டாம். வெறும் சுழற்சியும், பன்ட்டுக்கான (பந்தை ஓங்கி அடிக்காமல் துடுப்பில் தட்டி விழுத்துவது) வெறும் அசைவும் போதும்.

இனி கிரிக்கெட் கைகள். துடுப்பின் நுனியை நிலத்தில் தட்டிக்கொண்டு நிற்பார்கள். அதைப் பின்தோளுக்கு மேலே தூக்கி வைக்க வையுங்கள். பந்து குத்தி எழும் என்று காத்திருப்பார்கள். இங்கே அது நிலத்தைத் தொடாமலே வரும். ஓவ் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுப் பழகியவர்கள், அக்குளுக்கும் முழங்காலின் மேல்பகுதிக்கும் இடையே ஹோம் பிளேட்டைக் கடந்து போவதையும் விட்டுவிடுவார்கள். விட்டால் ஸ்டிரைக், மூன்றானால் ஆள் அவுட். எல்லாவற்றிலும் பிடிவாதமானது ஓட்டம். கிரிக்கெட்டில் துடுப்போடு ஓடலாம், இங்கே கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். ஆகவே ஒவ்வொரு சுற்றின் கடைசி அடியிலும் துடுப்பை வீசாமல் பக்கத்தில் விழவிட்டு, முதல் பேஸ்வரை ஓட விடுங்கள்.

பந்து எப்போதும் மேலே கிளம்பினால் பின்தோள் தாழ்கிறது. முன்கால் வெளியே விலகினால் பயம். பயம் என்றால் மென்பந்துக்கு மாறி, முன்காலின் குதிக்குப் பின்னால் ஒரு கூம்பு வையுங்கள். ஒரு சுற்றில் ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கள். மூன்றைச் சொன்னால் பிள்ளைக்கு மூன்றும் குழம்பும்.

அடிக்கும் இடங்களுக்கிடையே குறைந்தது ஐந்து மீற்றர் விடுங்கள். அடிப்பவர், அடுத்து அடிப்பவர் இருவருக்கும் ஹெல்மட் கட்டாயம். 'நிறுத்து' என்று சொல்லும்வரை ஒருவரும் பந்து பொறுக்கப் போகக்கூடாது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இறங்கும். அலுமினியத் துடுப்பும் வலைக் கம்பமும் உள்ள இடத்தில் முதல் இடிச் சத்தத்திலேயே எல்லோரையும் கட்டடத்துக்குள் கூட்டிப்போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரவேண்டாம். நனைந்த தோல் பந்துகளை அன்று மறுபடி எடுக்காதீர்கள். நீர் ஊறிப் பாரமாகி, சிறு கைகளின் மணிக்கட்டை வலிக்கச் செய்யும்.