மூச்சு வாங்குகிறதென்று காலுக்கு ஓய்வு கொடுக்காதீர்கள்

சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் தினமும் கேட்கும் பேச்சு: “மூச்சு வாங்குதுல்ல, பேசாம உக்காருங்கப்பா, நான் எடுத்துட்டு வரேன்.” பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இந்த நோயில் வீட்டார் செய்யும் பெரிய தவறு இதுதான்.

தொடையின் முன்பக்கத் தசை வயதானால் எல்லோருக்கும் மெலியும். சிஓபிடி இருந்தால் இன்னும் சீக்கிரம். நுரையீரல் பாதிப்பு லேசாக இருக்கும்போதே சிலருக்குக் கால் பலம் குறைந்துவிடுகிறது. நெடுநேரம் களைக்காமல் உழைக்கும் தசை இழைகள் குறைந்து, சட்டென்று சோர்ந்துபோகும் இழைகள் கூடுகின்றன. அந்தக் காலால் கொஞ்ச தூரம் நடந்தாலே லாக்டிக் அமிலம் சேரும். அதைச் சமன்படுத்தும்போது கரியமில வாயு கூடும். அதை வெளியேற்ற நுரையீரல் இன்னும் வேகமாக உழைக்க வேண்டும். பழுதான நுரையீரலுக்கு அந்தத் தெம்பு எங்கே? ஆக, உட்கார உட்கார மூச்சிரைப்பு கூடத்தான் செய்யும்.

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையோடு நின்றுவிடுவதும் தவறு. அது காலைப் பற்றி எதுவும் சொல்லாது. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்பது ஆசிய மருத்துவர் குழு 2019-ல் வகுத்த அளவு. உடல் எடை குறையவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் தராசு அதைக் காட்டாது.

“தினமும் வாக்கிங் போறேனே” என்பார்கள். நல்லதுதான், போதாது. தசை பலமாக வேண்டுமென்றால் அதற்குப் பாரம் வேண்டும். சக்கரமில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எழும்போது உதட்டைக் குவித்து மெல்ல ஊதிக்கொண்டே எழ வேண்டும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் நிதானமாக இறங்க வேண்டும். எட்டுப் பத்து முறை செய்து, மூச்சு நிதானமானதும் இன்னொரு சுற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள். பலர் மூச்சை அடக்கிக்கொண்டு எழுகிறார்கள், அது கூடாது. கொஞ்சம் மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டாம். மார்பு வலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட வேண்டும். தொடங்குமுன் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்பது அவசியம், ஆக்சிஜன் குறைபவர்கள் கட்டாயமாக.

இந்த வயதில் தசை ஏறுமா என்ற அவநம்பிக்கைதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லத்திலிருந்த 86 முதல் 96 வயது வரையானவர்களுக்கு எட்டு வாரம் தொடைக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. 1990-ல் வெளிவந்த ஆய்வு அது. 1994-ல் அதே குழு இன்னொன்றும் காட்டியது: பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. புரதப் பொடி டப்பாவை மட்டும் நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதற்காகச் சாப்பாட்டை விட்டுவிட முடியாது. கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் என்றால் தசைக்கு ஒன்றும் கிடைக்காது. உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 1.2 கிராம் புரதமாவது நாள்பட்ட நோயுள்ள முதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவு. வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு விடச் சிரமம், அதனால் முட்டை, மீன், பருப்பு, தயிர் எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள்.

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் கால் வேகமாகக் கரையும். ஆரோக்கியமான முதியவர்களே பத்து நாள் படுக்கையில் கால்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசையை இழந்திருக்கிறார்கள். மருத்துவர் அனுமதித்த அன்றே கட்டிலோரம் உட்கார, எழுந்து நிற்க உதவுங்கள். அப்புறம், பழைய சீட்டைக் காட்டிக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நீண்ட நாள் எடுத்தால் தொடைத் தசையையே அது தளர்த்திவிடும். ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது.

எல்லாக் கால் தளர்ச்சியையும் வயதின் மேல் போடவும் வேண்டாம். திடீரென ஒரு பக்கக் கால் மட்டும் வலுவிழந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். இரண்டுக்கும் அன்றே, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.