ஒன்றே முக்கால் வயசு ஞாபகத்தை உரசிப் பார்ப்பது எப்படி?

1977 நவம்பர் 12. நாகப்பட்டினத்தில் புயல் அடித்தபோது எனக்கு ஒன்றே முக்கால் வயசு. அம்மா இடுப்பில் நான். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தென்னைகள் பேயாடுகின்றன. நாற்பது வருஷம் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால், யாரிடமும் கேட்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே நின்றீர்கள், பக்கத்தில் யார், என்ன வெளிச்சம். கேட்டுவிட்டு எழுதினால் அவர்கள் சொன்னதும் உங்களுடையதும் கலந்துவிடும். அப்புறம் பிரிக்கவே முடியாது.

எழுதியதில் உங்களை நீங்களே வெளியிலிருந்து பார்க்கிறீர்களா? நான் பார்த்தேன்: நீலச் சட்டை, மூக்கொழுகும் பிள்ளை. பழைய ஞாபகங்களில் இது சகஜம்தான், இதை மட்டும் வைத்துப் பொய் என்றுவிட முடியாது.

காலத்துக்கு ஒட்டாத பொருளைத் தேடுங்கள். என்னிடம் மாட்டியது மொட்டை மாடி. 1983 வரை எங்களுடையது ஓட்டு வீடு!

பிறகு பெரியவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். "அம்மா என்னைத் தூக்கிட்டு நின்னாங்கல்ல?" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். "அன்னிக்கு என்ன நடந்துச்சு அத்தை?" போதும். அத்தை சிரித்தார். "நீ எங்கடா இருந்தே? உங்கம்மாவும் நீயும் சேலத்துல, அம்மாச்சி வீட்டுல. என் இடுப்புல இருந்தது உங்கண்ணன்."

பெரும்பாலோருக்கு முதல் ஞாபகமே மூன்று, மூன்றரை வயசில்தான். அதற்கு முன், ஞாபகங்களைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி முதிர்ந்திருக்காது. ஆனால் பிற்பாடு கேட்ட கதைக்கு மூளை படம் வரைந்துகொள்ளும். படம் நிற்கும், கதை சொன்னவர் யார் என்பது உதிர்ந்துவிடும். குழந்தை உளவியலில் பெரிய பேரான ழான் பியாஜேவுக்கே இந்தக் கதிதான். பாரிஸில் தள்ளுவண்டியில் இருந்த தன்னை ஒருவன் கடத்த வந்ததும், தடுத்த ஆயாவின் முகத்தில் கீறல் விழுந்ததும் அவருக்குக் கண்ணில் நின்றன. அவருடைய 15 வயசு வாக்கில் ஆயாவிடமிருந்து கடிதம்: எல்லாம் கட்டுக்கதை. பரிசாக வாங்கிய கடிகாரத்தையும் திருப்பித் தந்தாள்.

ஒன்று மட்டும் வேறு கணக்கு. 'இதை முன்னமே பார்த்திருக்கிறேனே' என்ற உணர்வு அடிக்கடி வந்து, கூடவே வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவது போலவோ, இல்லாத கருகல் வாடையோ, சில விநாடி நினைவு தப்புவதோ இருந்தால் தாளையும் அத்தையையும் விட்டுவிடுங்கள். மூளையில் காதோரமாக இருக்கும் பொட்டு மடலில் வலிப்பு இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்; கூட இருந்து பார்த்த ஒருவரையும் அழைத்துப் போங்கள்.