ஐந்து ஃபேன் மாட்டியும் சூடு குறையவில்லையா? கேபினெட்டுக்குள் காற்றுக்கு வழிவிடும் செய்முறை

என் கணினியின் கேபினெட்டில் இரண்டு ஃபேன் இருந்தபோது 81 டிகிரி காட்டிய பிராசசர், ஐந்து ஃபேன் மாட்டிய பிறகு 86 டிகிரி காட்டியது. பிராசசருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்மீது பழி போட்டேன். துடைத்துவிட்டு மறுபடி பூசியும் அதே 86. கேபினெட்டைத் திறக்கவும் திருகு கழற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் முன் மின் இணைப்பை எடுத்துவிடுங்கள்.

1. முதலில் சோதனை, பிறகு செலவு

கனமான வேலை ஒன்றை 20 நிமிடம் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு அதையே மறுபடி ஓட்டுங்கள். நன்றாக இறங்கினால் சிக்கல் காற்றோட்டத்தில். இறங்கவே இல்லையென்றால் கூலரையோ பேஸ்டையோ பாருங்கள். புதிய ஃபேன் வாங்கிப் பயனில்லை. இரண்டு முறையும் அறை வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். அறையில் 4 டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும்.

2. ஃபேனின் முகம்

நான் விழுந்த குழி இதுதான். ஃபேனின் ஒரு பக்கத்தில் இதழ்கள் தடையின்றித் தெரியும். மறுபக்கத்தில், நடுவிலுள்ள மோட்டாரைத் தாங்கும் கைகள் குறுக்கே ஓடும். காற்று திறந்த முகத்தில் நுழைந்து, கைகள் உள்ள முகத்தின் வழியே வெளியேறும். புதியவற்றோடு நிறம் பொருந்தட்டும் என்று பின்பக்க ஃபேனையும் மாற்றினேன். அழகான முகம் வெளியே தெரியட்டும் என்று திருப்பி மாட்டினேன். கூலரின் ஃபேன் சூடான காற்றைப் பின்னால் தள்ள, பின்பக்க ஃபேன் அதை உள்ளேயே திருப்பியடிக்க, ஒரு சாண் இடைவெளியில் இரண்டும் மல்லுக்கு நின்றன.

சில ஃபேன்களின் சட்டத்தில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும். ஒன்று சுழலும் திசை, மற்றது காற்று போகும் திசை. அவசரத்தில் முதலாவதைப் பார்த்து ஏமாறுவது எளிது. நான் நம்புவது காகிதத்தைத்தான். டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, கணினி ஓடும்போது ஒவ்வொரு வலைக்கும் வெளியே பிடியுங்கள். முன்பக்கத்தில் ஒட்ட வேண்டும், பின்பக்கத்தில் படபடத்து விலக வேண்டும். என் கீற்று பின்பக்க வலையில் பல்லிபோல ஒட்டிக்கொண்டது.

3. எது எங்கே

முன்பக்கம் உள்ளே, பின்பக்கம் வெளியே. சூடான காற்று மேலே போகும் என்பது உண்மைதான். ஆனால் ஃபேன்கள் ஓடும் பெட்டிக்குள் அந்த எழுச்சி அற்பம், ஃபேன் இழுத்த பக்கமே காற்று போகும். மேலே மாட்டுவதானால் பின்பக்கத்தை ஒட்டி மாட்டுங்கள். மேலே முன்மூலையில் மாட்டினால், குளிர்ந்த காற்று கூலரைத் தொடுவதற்கு முன்பே வெளியேறிவிடும். என் ஐந்தாவது ஃபேன் அங்கேதான் இருந்தது. அதைக் கழற்றி, பின்பக்கத்ததைத் திருப்பியதும் 72 டிகிரி!

உள்ளே வரும் காற்று சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் இடுக்குகள் வழியாகத் தூசி வடிகட்டாத காற்று நுழையும். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் எனக்குப் பிடிக்காது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது போன்றது அது. வலை முகப்பையே வாங்குங்கள்.

4. ஒயரும் வேகமும்

ஒயர் முனையில் நான்கு பின் (ஊசி) இணைப்புள்ள ஃபேனையே தேர்ந்தெடுப்பேன். மூன்று பின் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் அலறினால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அந்த இணைப்பை, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்றுங்கள். மதர்போர்டின் ஓர் இணைப்பு பெரும்பாலும் 1 ஆம்பியர் வரைதான் தாங்கும். ஒன்றில் பலவற்றைப் பிரித்து மாட்டுவதற்கு முன், ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள்.

விளையாட்டின்போது கிராஃபிக்ஸ் கார்டு கொதிக்க, கேபினெட் ஃபேன்கள் மட்டும் சோம்பிச் சுற்றுகின்றனவா? அவை பிராசசரின் வெப்பத்தை மட்டும் பார்த்து ஓடுகின்றன. விண்டோஸில் ஃபேன்கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள், இரண்டில் எது அதிகமோ அதைப் பின்பற்றச் செய்யும்.

புதிய ஃபேனின் தடித்த திருகுகள் முதல்முறை லேசில் இறங்காது, பிளாஸ்டிக்கில் அவையே புரியை வெட்டிக்கொண்டு போக வேண்டும். கேபினெட்டுக்கு வெளியிலேயே ஒருமுறை ஏற்றி இறக்கிவிடுங்கள். காந்த முனையுள்ள நீளமான ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பின்சேர்க்கை: "கைகள் உள்ள முகம்தான் காற்றை இழுக்கிறது, நீங்கள் சொன்னது தவறு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரிடம் இருப்பது இதழ்களை எதிர்ப்புறமாக வளைத்த ரகம். அழகான முகத்தை உள்ளே காட்டியபடியே காற்றை உள்ளிழுப்பதற்காகச் செய்தது. மாட்டுவதற்கு முன் பெட்டியைப் படித்துவிடுங்கள். இன்னொருவருக்குக் காகிதச் சோதனை சரியாக வந்தும் சூடு இறங்கவில்லை. விசாரித்தால், கேபினெட்டை மேஜையின் மூடிய அறைக்குள் வைத்திருந்தார். வெளியேறிய சூடான காற்றையே முன்பக்கம் மறுபடி குடித்துக்கொண்டிருந்தது.