வீட்டுப் பொருள்களையும் கைப்பைகளையும் வடிவமைக்கக் கற்பது எப்படி? ஒரு பாயிலிருந்து தொடங்கும் வழி

மேசை விரிப்பு, விளக்கு மூடி, மெத்தை உறை போன்ற வீட்டுப் பொருள்களையும், கைப்பை, இடைவார் போன்ற அணிபொருள்களையும் வடிவமைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஓவியப் பயிற்சியிலோ கணினி மென்பொருளிலோ தொடங்குகிறார்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. முதலில் ஒரே ஒரு மூலப்பொருளைக் கையால் அறிந்துகொண்டு, அதிலிருந்து வீட்டில் கிடக்க ஒன்றும், உடலோடு சேர்ந்து வெளியே வர ஒன்றுமாக இரண்டு பொருள்களைச் செய்து பாருங்கள். வரைதலையும் மென்பொருளையும் அந்த வேலைக்குத் தேவைப்படும் அளவுக்கு அப்போது கற்றுக்கொள்ளலாம்.

வேலையில் இறங்குமுன் கண்ணைப் பழக்க வேண்டும். இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அளித்த அறிக்கையில், தாங்கள் இந்நாட்டில் கண்டு வியந்த பொருள்களில் சிறந்ததாகச் சொம்பைக் குறிப்பிட்டார்கள். அந்த அறிக்கையின் பின்னணியில்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. அவர்கள் சொம்பைப் பார்த்த விதமே நல்ல முதல் பயிற்சியாகும். உங்கள் வீட்டுச் சொம்பை எடுத்து, கழுத்து ஏன் ஒடுங்கியிருக்கிறது, விளிம்பு ஏன் வெளியே மடிந்திருக்கிறது, நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் எடை கையில் எங்கே விழுகிறது, உட்புறத்தைக் கழுவக் கை நுழைகிறதா என்று கேட்டு, ஒவ்வொரு விடையையும் சென்டிமீட்டர் அளவோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். நாளொன்றுக்கு ஒரு பொருள் என்று ஒரு மாதம் இதைச் செய்தால், அளவு இல்லாமல் எதையும் வரையத் தோன்றாத பழக்கம் வந்துவிடும்.

மூலப்பொருளாக நான் எடுத்துக்கொள்வது பத்தமடைப் பாய். திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் விளையும் கோரைப் புல்லைக் கொண்டு நெய்யப்பட்டுப் புவிசார் குறியீடும் பெற்ற இந்தப் பாயில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டப்படும் இழை, பருத்தி நூல்; ஊடை, அதாவது அதன் குறுக்கே கோக்கப்படுவது, கோரை. வடிவமைப்பவர் அறிய வேண்டியவற்றில் பாதி இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியிருக்கிறது. பாயைச் சுருட்டும்போது கோரை வளையாமல் நேராகக் கிடக்க, நூல்தான் வளைகிறது. எதிர்த்திசையில் மடித்தால் ஒவ்வொரு கோரையும் ஒடிகிறது. ஆகவே உங்கள் பொருளின் எந்த மடிப்பும் கோரைக்கு இணையாகவே அமைய வேண்டும். நான் முதலில் வெட்டிய பை இதைக் கவனிக்காமல் கோரைக்குக் குறுக்கே மடிக்கப்பட்டதால், அடிப்புறம் முழுவதும் வெடித்துப்போனது. வெட்டுவதற்கு முன் வெட்டுக்கோட்டின் இருபுறமும் ஒரு வரிசை தையல் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரத்து நூல் தளர்ந்து கோரை உருவி வந்துவிடும். தையலும் நெருக்கமாக இருக்கக் கூடாது. துளைகள் அருகருகே விழுந்தால் கோரை அந்தக் கோட்டிலேயே கிழியும். முடிந்தால் தறியருகே ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். எந்த அகலம் தறிக்கு இயல்பானது என்பதை நெய்கிறவரே சொல்வார். அந்த அகலத்துக்குள் வடிவமைத்தால் வெட்டுக்கழிவு வெகுவாகக் குறையும்.

வீட்டுப் பொருளாகச் சாப்பாட்டுத் தட்டின் அடியில் போடும் விரிப்பைச் செய்யலாம். சாப்பாட்டுத் தட்டுகள் பொதுவாக 25 முதல் 28 சென்டிமீட்டர் விட்டம் கொண்டவை என்பதால், 30க்கு 45 என்ற அளவு தட்டுக்கும் தம்ளருக்கும் போதும். ஓரத்தைப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். குழம்பு சிந்தினால் துடைக்க முடிகிறதா, ஈரம் பட்டால் ஓரம் சுருள்கிறதா, மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கிறதா என்பவையே இங்குக் கேட்க வேண்டிய கேள்விகள்.

கைப்பையில் கேள்விகள் முற்றிலும் மாறுகின்றன. முதலில் தடித்த காகிதத்தில் முழு அளவில் வெட்டி ஒட்டி, கண்ணாடி முன் தோளில் மாட்டிப் பாருங்கள். பிறகு விலை குறைந்த காடா துணியில் தைத்து, கைபேசி, தண்ணீர்ப் புட்டி, சாவி எல்லாவற்றையும் உள்ளே போட்டு நடந்து பாருங்கள். இந்த இரு மாதிரிகளையும் தவிர்த்து நேராகப் பாயை வெட்டுவது பணத்தையும் ஒருவருடைய பல மணி நேர நெசவையும் வீணாக்கும் செயலாகும். கைப்பிடியைப் பாயின் விளிம்பில் தைக்காதீர்கள். அது பையின் அடியைச் சுற்றி வரும் பட்டையாக இருந்தால் சுமையைப் பட்டை தாங்கும், பாய்க்கு உருவம் தரும் வேலை மட்டும் மிஞ்சும். வியர்வை படும் இடத்தில் கோரை வேண்டாம், பருத்தியோ தோலோ போதும். முடிந்த பையில் மூன்று கிலோ அரிசியைப் போட்டு ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் எந்தத் தையல் விலகியிருக்கிறதோ அங்கிருந்து அடுத்த வரைபடம் தொடங்க வேண்டும். பின்னர், உங்களுக்குத் தயவு காட்டாத ஒருவரிடம் ஒரு வாரம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

விலைக் கணக்கையும் இப்போதே எழுதிப் பழகுங்கள். பாய், நாடா, உள்துணி, ஜிப், வெட்டுக்கழிவு, தையற்கூலி, உங்கள் நேரம் ஆகிய அனைத்தும் அதில் வர வேண்டும். விலை கூடிவிட்டால் நெய்கிறவரின் கூலியில் கை வைக்காமல், தையல்களின் எண்ணிக்கையைக் குறைக்கும்படி வடிவத்தை மாற்றுங்கள். வடிவமைப்பாளரின் திறமை அங்குதான் தேவைப்படுகிறது.

முறையான படிப்பை நாடுகிறவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் வாய்ப்பு உண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அறைக்கலன், உள்ளரங்கு, துணி வடிவமைப்பு போன்ற பிரிவுகள் இருக்கின்றன. சென்னை தரமணியில் உள்ள தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவன (நிஃப்ட்) வளாகம் உடை, அணிபொருள் போன்ற துறைகளுக்கு உரியது. ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வின் வழியாகச் சில ஐஐடிகளின் வடிவமைப்புப் பட்டப்படிப்புகளில் சேரலாம். நெசவையே ஆழமாகக் கற்க விரும்பினால் சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பாருங்கள்.

இவற்றில் எங்கே நேர்காணலுக்குப் போனாலும், வேலைத் தொகுப்பில் அழகான இறுதிப் படங்களுக்கு முன்னால் காகித மாதிரி, காடா துணி மாதிரி, வெடித்த பை ஆகியவற்றின் படங்களை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் தேதி, அளவு, எங்கே தவறு நேர்ந்தது, அடுத்ததில் என்ன மாற்றினீர்கள் என்பதை இரண்டு வரிகளில் எழுதுங்கள்.