வெளிநாட்டில் கலை நிகழ்ச்சியும் கைடு டூரும்: பணமும் நேரமும் வீணாகும் இடங்கள்

"இதெல்லாம் டூரிஸ்டுக்காகப் போடுகிற ஷோ" என்று பார்க்காமலே ஒதுக்கிவிடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. பயணிகளுக்காக உருவானது என்பதாலேயே ஒரு கலை போலியாகிவிடாது. பாலியின் கெச்சாக் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்யாங் என்ற சாமியாட்டச் சடங்கில் ஆண்கள் கூடிப் பாடும் குரலிசையை எடுத்து, ராமாயணக் கதையோடு இணைத்து, வெளியாட்கள் பார்ப்பதற்கென்றே 1930களில் அமைத்த வடிவம் அது. வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன் ஓவியர் பாலிக் கலைஞர்களோடு சேர்ந்து அந்த வடிவத்துக்குக் காரணமாக இருந்தார். இன்று உலுவாத்துக் கோயிலருகே, சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில், வாத்தியமே இல்லாமல் பல பத்து ஆண்கள் "சக், சக்" என்று குரலாலேயே தாளம் கட்டுவதைக் கேட்டவர்கள் அதைப் போலி என்று சொல்ல மாட்டார்கள்.

பாலிக்காரர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள். கோயிலின் உள்முற்றத்துக்கு மட்டும் உரியவை, சடங்கோடு ஒட்டி ஆடப்படுபவை, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியவை என்று தங்கள் நடனங்களை 1971இல் மூன்றாகப் பிரித்து வரையறுத்தார்கள். எல்லாருக்குமான மேடை ஒன்று தனியே இருப்பதால்தான் உள்முற்றத்துச் சடங்கு விற்பனைக்கு வராமல் பிழைக்கிறது. "எங்களுக்கு அசல் சடங்கையே காட்டுங்கள்" என்று கைடை நச்சரிப்பவர்கள், அறியாமலே அந்த வேலியைப் பிடுங்கச் சொல்கிறார்கள்.

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் அரச நடனக் கலைஞர்களில் பெரும்பாலோர் மடிந்தார்கள். மிஞ்சிய சில ஆசிரியர்களின் நினைவிலிருந்து மீட்டெடுத்ததுதான் இன்றைய அப்சரா நடனம். அங்கே டிக்கெட் விற்கும் மேடைகளும் இளம் கலைஞர்களின் பிழைப்பில் ஒரு பங்கு. ஆகவே அசலா, போலியா என்று கேட்பதில் பயனில்லை. கலைஞர்கள் யார், பணம் யாருக்குப் போகிறது, கொடுக்கும் நேரத்தில் எவ்வளவு நேரம் நிகழ்ச்சியைப் பார்க்கப்போகிறோம் என்பவையே கேட்க வேண்டியவை.

சாப்பாட்டோடு சேர்த்து வாங்குவது

பணம் அதிகம் வீணாவது இதில்தான். இரவு விருந்தும் நடனமும் சேர்ந்த டிக்கெட், நடனம் மட்டும் பார்க்கும் டிக்கெட்டைவிடப் பல மடங்கு விலைக்குப் போவது உண்டு. அந்தக் கூடுதல் பணம் நல்ல சாப்பாட்டையும் தருவதில்லை. நூறு பேருக்கு ஒரே நேரத்தில் பரிமாற வேண்டியிருப்பதால், முன்பே சமைத்துச் சூடாக வைத்திருக்கும் உணவுதான் பெரும்பாலும் வரும். தட்டுகளின் சத்தமும், எழுந்து நடப்பவர்களும், பரிமாறுபவர்களும் மேடையை மறைப்பார்கள். நிகழ்ச்சியை மட்டும், அல்லது ஒரு பானத்தோடு மட்டும் வாங்குங்கள். சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயினின் ஃபிளமெங்கோவில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆடுபவர் காலடியால் ஒரு குறிப்புக் கொடுப்பார். பாடகரும் கிதார்க்காரரும் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு நகர்வார்கள். அந்த உடனடிப் பரிமாற்றம்தான் கலையின் உயிர். பெரிய அரங்கில் ஒலிபெருக்கி வழியாக வரும்போது காலடியின் நுணுக்கம் கரைந்துவிடும். பதிவு செய்த இசைக்கு ஆடினால் பரிமாற்றமே கிடையாது. அறுபது, எழுபது பேர் உட்காரக்கூடிய, மைக் இல்லாத அறையைத் தேடுங்கள். மேடை உயரமாக இருந்தால் முதல் வரிசையில் கால் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வரிசையே நல்லது.

எந்த நாடானாலும் முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இசை நேரடியாக வாசிக்கப்படுகிறதா என்பது. "இல்லை" என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

வழிபாட்டை ஷோவாக நினைப்பது, ஷோவை முழுக் கலையாக நினைப்பது

துருக்கியில் மெவ்லவி என்ற சூஃபி மரபைச் சேர்ந்தவர்கள் சுழலும் செமா ஒரு வழிபாடு. அங்கே கைதட்டுவதும் பேசுவதும் படமெடுப்பதும் தவறு. அதையே உணவகத்தில் வேறு ஆட்டங்களுக்கு நடுவே பத்து நிமிடம் காட்டும் இடங்களும் உண்டு. செமாவைப் பார்க்க விரும்பினால் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். முழுச் சடங்கும் நடக்கும் இடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் அமைதியாக உட்காருங்கள். பொறுமை இருக்காது என்று தோன்றினால் போகாமலே இருப்பது மேல்.

ஜப்பானில் சிக்கல் வேறு மாதிரி. கியோத்தோவின் கியோன் கார்னர் அரங்கில் தேநீர்ச் சடங்கு, மலர் அலங்காரம், கோத்தோ என்ற தந்தி வாத்திய இசை, பொம்மலாட்டம் என ஏழு கலைகளை ஒரு மணி நேரத்துக்குள் துண்டு துண்டாகக் காட்டுகிறார்கள். எது நமக்குப் பிடிக்கும் என்று தெரியாதவர்களுக்கு அது நல்ல தொடக்கம். ஒரு கலையை ஆழமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஏமாற்றம்தான். அவர்கள் ஏப்ரலில் போனால் 1872 முதல் நடந்துவரும் மியாகோ ஒதோரி நடன விழாவைப் பார்க்கலாம். தோக்கியோவில் கபுக்கி நாடகத்துக்கு நாலு மணி நேரம் உட்காரத் தயங்குபவர்களுக்குக் கபுக்கி-ஸா அரங்கம் ஒரே ஒரு அங்கத்துக்கு மட்டும் மலிவான மேல்தள டிக்கெட் தருகிறது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அரிது.

டூரின் மணிக்கணக்கைப் பிரித்துப் பார்க்காதது

"முழுநாள் சுற்றுலா" என்றால் முழுநாளும் இடத்தைப் பார்ப்போம் என்று பொருளில்லை. பாரிஸிலிருந்து மோன்-சேன்-மிஷேல் தீவுக்குப் பஸ்ஸில் ஒரு வழிக்கே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதினாலு மணி நேர டூரில் தீவில் கிடைப்பது மூன்று, நாலு மணி நேரம், அதுவும் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது. அங்கே ஓர் இரவு தங்கினால், பஸ்கள் கிளம்பிய பிறகு தெருக்கள் காலியாக இருக்கும். வெர்சாய் அரண்மனைக்கோ ஆர்இஆர் சி என்ற புறநகர் ரயிலிலேயே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பஸ் டூருக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

டூர் விவரத்தில் "பட்டறை பார்வையிடல்", "ரத்தினக்கல் மையம்", "தரைவிரிப்பு செயல்விளக்கம்" என்று இருந்தால் அவை கடைகள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டூர் விலை அடிமாட்டு விலையாக இருப்பதற்குக் காரணம், மீதிப் பணம் அந்தக் கடைகளின் கமிஷனாக வருவதுதான். இந்த வழக்கம் எல்லை மீறியதால் சீனா 2013இல் சுற்றுலாச் சட்டம் கொண்டுவந்து, செலவுக்கும் குறைவான விலையில் ஆள் சேர்த்துக் கடைகளில் ஈடுகட்டுவதைத் தடை செய்தது.

பதிவு செய்யும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எத்தனை பேர், கடை நிறுத்தங்கள் உண்டா, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம், நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா. கடைசிக் கேள்வியை மறப்பவர்கள்தான் அதிகம். கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கு வெளிநாட்டவர் வாங்க வேண்டிய ஒருநாள் அனுமதிச் சீட்டு மட்டும் 37 டாலர். பல டூர்களின் விலையில் அது அடங்காது. குழுவில் பதினைந்து பேருக்கு மேல் என்றால் காதில் மாட்டும் கருவி தருவார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் பின்னால் நிற்பவருக்கு ஒரு சொல்லும் எட்டாது.

கைடு தேவையான இடத்தில் மிச்சம் பிடிப்பது

கண்ணால் பார்த்தே ரசிக்கக்கூடிய இடங்களுக்குக் கைடு வேண்டாம். இடிபாடுகளுக்கு வேண்டும். பொம்பேயி, ரோமன் ஃபோரம் போன்ற இடங்களில் விளக்கம் இல்லையென்றால் எல்லாம் உடைந்த சுவர்தான். சில இடங்களுக்குக் கைடுக்காகவே போக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையைச் சுற்றிக் காட்டியவர்கள் பலரும் அங்கேயே அடைபட்டிருந்த அரசியல் கைதிகள். அந்த விளக்கம் படகு டிக்கெட்டிலேயே சேர்ந்தது. வேறு சில இடங்களில் கைடு இல்லாமல் அனுமதியே கிடையாது: அரிசோனாவின் ஆண்டிலோப் பள்ளத்தாக்கு, பெருவின் இன்கா மலைப்பாதை, ரோமின் புனித கலிஸ்டஸ் நிலவறைக் கல்லறைகள்.

"வரிசை இல்லாமல் நுழைவு" என்று கூடுதல் விலைக்கு விற்பதைக் கவனமாகப் படியுங்கள். தவிர்க்கப்படுவது டிக்கெட் வரிசை மட்டுமே. பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லாருக்கும் உண்டு. அதிகாரப்பூர்வத் தளத்தில் நேரம் குறித்து வாங்கிய சாதாரண டிக்கெட்டே பெரும்பாலும் அதே பலனைத் தரும். வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயத்துக்குள் கைடுகள் விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. மேற்கூரை ஓவியங்களை வெளியே படம் காட்டி முன்பே விளக்குபவரா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

"இலவச நடை டூர்" என்பது டிப்ஸில் நடப்பது. பல நகரங்களில் கைடு ஒவ்வொரு தலைக்கும் நிறுவனத்துக்கு ஒரு தொகை கட்டுகிறார். ஒன்றும் கொடுக்காமல் நழுவினால் அவர் கைக்காசு போகிறது.

மனிதர்களைக் காட்சிப்பொருளாக்கும் டூர்கள்

வடக்குத் தாய்லாந்தில் கழுத்து வளையம் அணிந்த கயான் பெண்கள் வாழும் கிராமங்களுக்கு நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அங்கிருப்பவர்களில் பலர் மியான்மரிலிருந்து தப்பி வந்த குடும்பத்தினர். கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் பழங்குடிக் கிராமங்களில், பயணிகள் கட்டும் பணத்தில் பெரும் பங்கை அழைத்துவரும் ஓட்டுநர்களே எடுத்துக்கொள்வதாக நெடுநாள் புகார் உண்டு. போக விரும்பினால், கிராமத்தாரே நடத்துகிறார்களா, பணம் அவர்கள் கையில் நேராகக் கொடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள். நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் உள்ள தெ புயா என்ற மவோரி பண்பாட்டு மையத்துக்குக் கட்டும் கட்டணம், அங்கேயே இயங்கும் மவோரி மரச்செதுக்கு, நெசவுப் பள்ளிகளுக்கு உதவுகிறது. அப்படிப்பட்ட இடங்களுக்குத் தயங்காமல் செலவு செய்யலாம்.

நாள் தேர்விலும் ஒரு தவறு நடக்கிறது. நீண்ட விமானப் பயணம் முடிந்து இறங்கிய அன்றே இரவு நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தால், இருட்டரங்கில் விளக்கணைந்த பத்தாவது நிமிடம் கண் சொக்கிவிடும். முதல் நாள் காலையில் நடை டூரை வையுங்கள். ஊரின் அமைப்பும் போக்குவரத்தும் புரியும், எந்த அரங்கம் நல்லது என்று கைடிடமே விசாரிக்கலாம். நிகழ்ச்சியை இரண்டாம், மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள். ஆனால் மியாகோ ஒதோரி போல ஆண்டுக்கு ஒருமுறை வருவனவற்றுக்கும், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கும் இன்கா பாதை போன்றவற்றுக்கும் ஊருக்குப் போய் விசாரிப்பது உதவாது. விமான டிக்கெட் எடுக்கும் முன்பே அவற்றின் தேதியைப் பார்த்துவிடுங்கள்.